தனி உலை

6.7.2008, ஞாயிறு

பாப்பா இன்றைக்குத் தவழ்ந்துவிட்டாள். வாசலில் நின்று கூப்பிட்ட என்னைப் பார்த்து வருவாள் என்று நினைத்தால், திரும்பி நேரே உள்ளறைக்குப் போனாள். அங்கே அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து சரவெடி பின்னிக்கொண்டிருந்தார்கள். நான் எட்டிப் பிடிக்கும் முன்னால் ஒரு துண்டுத் திரி அவள் கையில். அடுத்த நொடி வாயில். பாண்டிச்செல்வி பாய்ந்து பிடுங்கி, வாயைக் கழுவி, கையைக் கழுவி, அதற்குப் பிறகு அழுதாள். பாப்பா அழவில்லை.

அம்மா சிரித்தாள். "எம் பேத்திக்கு இப்பவே தொழில் படிஞ்சுபோச்சு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாசுக் கம்பெனியில் ஷெட் போட்டு, வாளியில் மண் வைத்து, ஆளை எண்ணி உட்காரவைத்துச் செய்கிற வேலை இது. வீட்டில் செய்தால் கேஸ். ஆனால் சீசன் வந்துவிட்டால் ஏஜெண்ட் வெடியும் திரியுமாக மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறான். விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதுதான் நடக்கிறது. அதற்காக அடுப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டோம். வீட்டுக்குள் விளக்கு ஏற்றுவதில்லை, சாமிக்குக்கூட. இம்புட்டு ஜாக்கிரதை இருக்கும்போது பிறகென்ன பயம் என்கிறார் அப்பா.

8.7.2008

அப்பாவிடம் பேசினேன். நிறுத்திவிடுங்கள், என் சம்பளம் போதும் என்றேன்.

"நெஞ்சுச் சளின்னு கம்பெனியில நிப்பாட்டிட்டான். நீயும் நிப்பாட்டுறியா? மகன் சோத்தத் தின்னுட்டு செவத்தப் பாத்து உக்காந்திருக்கணுமாலே நான்?"

அதோடு பேச்சு முடிந்தது. எதிர்வீட்டு நாகையா பெரியப்பா மட்டும் வாசலில் நின்று அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். அவரும் அப்பாவும் இளவட்ட வயசில் ஒரே ஷெட்டில் இருந்தவர்கள். "ஏலே ஊர்க்காவலா, பச்சப்புள்ள தவழுற வீடு. வேணாம்லே, சொன்னாக் கேளு." அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உஞ் சோலியப் பாருலே" என்றார்.

13.7.2008, ஞாயிறு

திருத்தங்கலில் வீடு பார்த்தோம். ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு. பாண்டிச்செல்வி முதலில் செய்த காரியம், குனிந்து தரையைத் தடவியது. கையைத் திருப்பி என்னிடம் காட்டினாள். ஒன்றும் ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் எங்கே தொட்டாலும் வெடிமருந்தின் வெள்ளிப்பொடி ஒட்டும். பாப்பாவின் முழங்காலில் இப்போது எப்போதும் ஒரு மினுமினுப்பு இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னதும் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள். "ஒத்தப் புள்ளைய வேற வச்சவள்னு ஊரு எம் மூஞ்சியில துப்பாதா? இது நீ பேசுற பேச்சில்ல. உள்ள இருந்து சொல்லிக்குடுக்கிற பேச்சு." உள்ளே இருந்தவளுக்கு இது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அம்மா சொன்னாள்.

சாயங்காலம் கொஞ்சம் இறங்கி வந்தாள். "போறதுன்னா போ. ஆனா ஆடி பொறக்கப் போவுது. ஆடியில யாராச்சும் தனி உலை வைப்பாகளா? குடும்பம் வெளங்குமா? ஆவணி வரட்டும்."

ஆவணி வரைக்கும் பாப்பா தவழாமல் இருப்பாளா?

17.7.2008

ஆடி பிறந்துவிட்டது. ஏஜெண்ட் மறுபடியும் மூட்டை இறக்கினான்.

21.7.2008

என் பக்கம்தான் தப்பா என்று யோசித்துக்கொண்டே அச்சகத்தில் மெஷின் ஓட்டினேன். ஷீட் பாழாகிப் போர்மேன் திட்டினார்.

நாலு கலர் ஆப்செட் மெஷினை நம்பி என் கையில் விடுகிறார்கள். பெற்ற பிள்ளையை எந்தத் தரையில் விடுவது என்று மட்டும் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்ற பிறகும் அந்த வீட்டில் நான் "ஏலே"தான். பிரியத்தோடு கூப்பிடுகிற ஏலே. அதுதான் கஷ்டம். அவர்கள் கெட்டவர்களாக இருந்தால் என்றைக்கோ பெட்டியைத் தூக்கியிருப்பேன். பாப்பாவுக்குச் சளி பிடித்தால் அம்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விடிய வைக்கிறாள். அதே கையால் மறுநாள் காலையில் திரி எடுக்கிறாள். அந்தக் கையில் எதைப் பிடிப்பது, எதை உதறுவது?

ஆடியிலேயே போய்விடலாம் என்றேன் பாண்டிச்செல்வியிடம். "மாசம் கெட்ட மாசத்துல குடிபோயி, புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுவும் என் தலையிலதான் விடியும்" என்றாள். அவளுக்கும் பயம் இருக்கிறது. எனக்கும்தான்.

25.7.2008

கூட வேலை பார்க்கும் ஒச்சப்பன் சொன்னான். அவன் தெருவில் அதிகாரிகள் வந்தார்களாம். மூட்டையை அள்ளிக்கொண்டு, கைநாட்டு வாங்கிக்கொண்டு, இனிமேல் செய்தால் உள்ளே தள்ளுவோம் என்று மிரட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். அவ்வளவுதானாம். அந்தத் தெருவில் இப்போது ஒரு வீட்டிலும் வேலை நடக்கவில்லையாம்.

அவ்வளவுதானா?

28.7.2008, திங்கள்

செய்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் காயின் போனில், அந்த அதிகாரிகளின் ஆபீஸுக்கு. பெயர் சொல்லவில்லை. தெருவைச் சொன்னேன், எங்கள் வீட்டைச் சொன்னேன். பேசுவது யார் என்று கேட்டதும் வைத்துவிட்டேன்.

ஒரு மிரட்டல் போதும். ஆவணி வரைக்கும் கை ஓய்ந்திருந்தால் போதும். ஆடி அமாவாசைக்கு ஏழாயிரம்பண்ணைக்கு உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வா, பாப்பாவையும் கொண்டுபோ என்று பாண்டிச்செல்வியிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். அதிகாரிகள் எப்படியும் அதற்குப் பிறகுதான் வருவார்கள். சர்க்கார் ஆபீஸ் என்றைக்கு உடனே வந்திருக்கிறது?

31.7.2008



நேற்றே வந்துவிட்டார்கள். சாயங்காலம், கரண்ட் போயிருந்த நேரம். நான் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தேன், பாண்டிச்செல்வி அடுப்பில் இருந்தாள். ஜீப் சத்தம் கேட்டதும் அப்பா பின்னி வைத்திருந்த சரங்களை வாரிக்கொண்டு போய் பின்சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தார். நான் ஈரத்தோடு உள்ளே ஓடினேன். இரண்டு அதிகாரிகள், ஒரு இளவயசுப் போலீஸ்காரர். உள்ளறையில் ஒன்றும் இல்லை. எனக்கே ஆச்சரியம், திரிக்கட்டு எங்கே போனது? பாப்பா சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீடு ஒரே இருட்டு. விளக்கு கொண்டுவரச் சொன்னார்கள். விளக்கு இல்லை என்றாள் அம்மா. போலீஸ்காரர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். தொட்டிலுக்குக் கீழே குனிந்தார்.

"பத்த வைக்காதீக சாமி! எம் புள்ள! எம் புள்ள!"

அம்மாவிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அவர் கையில் ஒரே அடி. தீப்பெட்டி தெறித்து மூலையில் விழுந்தது. பாப்பாவை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். தெரு நடுவில் நின்றுகொண்டு கத்தினாள். "தொட்டிலுக்கு அடியில இருக்கு. எடுத்துட்டுப் போங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

பாப்பாவின் மூத்திரத் துணிகளுக்குக் கீழே திரிக்கட்டு இருந்தது. பிள்ளை தூங்குகிற இடத்தில் எந்த அதிகாரியும் கை வைக்க மாட்டான் என்று அம்மா நினைத்தாளாம்.

எம் புள்ளைக்குக் கீழ. ஒரு கட்டுத் திரி. அவ வச்சா. வைக்க வச்சது யாரு? நான். நான்தானே.

"எல்லாம் என்னோடதுதான்யா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே அப்பா தானாகவே ஜீப்பில் ஏறினார். மிரட்டிவிட்டுப் போவார்கள் என்றுதானே ஒச்சப்பன் சொன்னான்?

2.8.2008

விருதுநகர் ஜெயிலில் போட்டிருக்கிறார்கள். மனு கொடுத்து அப்பாவைப் பார்த்தேன். வேட்டி அழுக்காக இருந்தது. இருமிக்கொண்டே இருந்தார். "எவன்லே போட்டுக்குடுத்தது?" என்று ஒரே கேள்விதான். பாப்பா எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை.

தெரியலப்பா என்றேன்.

3.8.2008, ஞாயிறு

அம்மா சாப்பிடுவதில்லை. பாப்பாவைத் தொடுவதும் இல்லை. பாப்பா தவழ்ந்து மடிக்கு வந்தால் எழுந்து போய்விடுகிறாள். இன்று மத்தியானம் அவளே எங்கள் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்தாள்.

"போயிரு முனியா. ஆடியாவது ஆவணியாவது. இனிமே இந்த வீட்டுல அவளக் கெடத்தாத."

நான் வாய் வலிக்கக் கேட்டது, அவளாகவே கொடுக்கிறாள். நீயும் வா என்றேன். "அவரு உள்ள இருக்கையில நான் எங்கன வர?" என்றாள்.

அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறவன் மனுஷனா? பாப்பாவை இங்கே வைத்திருப்பவன் மனுஷனா?

6.8.2008

திருத்தங்கல். பாண்டிச்செல்வி ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். எங்கே போகிறாய் என்றேன். அப்படியே நின்றாள். பிறகு உள்ளே கொண்டுவந்து வைத்துப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாக ஒதுங்கி நின்று அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

20.8.2008

அப்பா ஜாமீனில் வந்துவிட்டார். நெஞ்செலும்பு எண்ணலாம்போல இருக்கிறது. வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். "வெளிய வாலே நாகையா! பச்சப்புள்ள வீடுன்னு சொன்னவன் நீதானலே? வேற எவன் சொன்னான்?"

பெரியப்பா கையில் சாப்பாட்டு எச்சிலோடு வந்து நின்றார். அவருக்கு முதலில் புரியவே இல்லை.

24.8.2008, ஞாயிறு

ஊர்ப் பெரிய மனுஷர்கள் கூடி, காளியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். நாகையா பெரியப்பா குளித்து, ஈர வேட்டியோடு வந்தார். "நான் போட்டுக்குடுக்கல. குடுத்திருந்தா எங் கண்ணு அவிஞ்சு போகட்டும்" என்று சொல்லி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

நான் கூட்டத்தில் மூன்றாவது ஆளாக நின்றேன். வாயைத் திறந்தால் முடிந்திருக்கும். திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அப்பா செத்துப்போவார், அம்மா என் மூஞ்சியில் முழிக்க மாட்டாள் என்று என்னென்னவோ ஓடியது. அதெல்லாம் சாக்கு. பயம். வெறும் பயம்.

அப்பா நம்பவில்லை. "பொய்ச் சத்தியம்" என்று துப்பிவிட்டு வந்தார். தெருவில் இப்போது பெரியப்பா வீட்டோடு யாரும் பேசுவதில்லை.

27.8.2008

பெரியப்பா அச்சகத்துக்கு வந்துவிட்டார், என்னைத் தேடிக்கொண்டு. டீக்கடையில் கண்ணாடி கிளாஸைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார். கையில் கட்டு.

"உங்கப்பன்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லுலே. நீ படிச்சவன். நீ சொன்னாக் கேப்பான். எங்க வீட்டுக்காரி தண்ணி புடிக்கப் போனா கொடத்த நவுத்தி வைக்காளுக. எனக்கு அதுகூட இல்லலே. அவன் என்னப் போயி நெனைச்சுட்டானே, அதான்."

சொல்றேன் பெரியப்பா என்றேன். டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.

28.8.2008

சொல்லவில்லை.

31.8.2008, ஞாயிறு

பாண்டிச்செல்வியிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாப்பா தரை முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்தாள். முழங்கால் சுத்தமாக இருந்தது. "அந்த நாகையா மாமா நல்லது பண்ணுனாரோ கெட்டது பண்ணுனாரோ, அவரு புண்ணியத்துலதான் இங்கன வந்து சேந்தோம்" என்றாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்ல?

7.9.2008, ஞாயிறு

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. ட்ரங்குப்பெட்டி, இரண்டு பாய், அம்மாவின் பித்தளைக் குடம். அப்பா பின்னால் இருந்து மெதுவாக இறங்கினார்.

"எதுத்த வாசலப் பாத்தா எனக்குச் சோறு எறங்கலலே" என்றார். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். திரும்பிப் போகிற பேச்சே இல்லை.

அம்மா பாப்பாவைத் தூக்கினாள். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. உச்சி மோந்துகொண்டு, "நல்லவேள, நீ முன்னாடியே தனியா வந்துட்ட ராசா. வந்து நிக்க எங்களுக்கு ஒரு எடம் இருக்கு" என்றாள். பாண்டிச்செல்வி உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். படுக்க எங்கே இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு என் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"இனி நம்புறதுக்கு எனக்கு நீ ஒருத்தன்தான்லே இருக்க."

எழுந்து, அவருடைய பாயை என் பாயோடு ஒட்டி விரித்துக் கொடுத்தேன்.