இரண்டாயிரத்துப் பதினேழில் நிற்கும் போன்கள்

12 ஜூலை 2025, சனி

பதிப்பு 5.2 இன்று காலை பத்தேகாலுக்கு முடிந்தது. ஒரகடம் ஆலையில் இருபதாம் தேதியிலிருந்து ஷிப்ட் சுழற்சி மாறுகிறது. நான்கு குழுக்களையும் கலைத்து அடுக்குகிறார்கள். இரண்டு நாள் காலை, இரண்டு நாள் மதியம், இரண்டு நாள் இரவு, இரண்டு நாள் ஓய்வு. எட்டு நாள் வட்டம். அங்குள்ள சூப்பர்வைசர்களே விரல் விட்டுத்தான் எண்ணுகிறார்களாம். என் செயலியில் குழுவின் எழுத்தை அழுத்தினால் போதும்: இன்று எந்த ஷிப்ட், கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும்.

இந்தச் செயலி ஓடும் பழைய போனின் இயங்குதளத்தை உண்டாக்கியவர்களே அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று. பெங்களூரில் இருக்கும் என் மகன் ஹேமந்த் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும், செத்துப்போனதற்கு எதற்கம்மா சட்டை தைக்கிறாய் என்கிறான். கேமரா உள்ள போனை ஆலைக்குள் விடமாட்டார்கள், வாசல் லாக்கரில் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. இந்த மாடலில் கேமராவே கிடையாது. ஆகவே இந்த வட்டாரத்தில் மட்டும் இது சாகவில்லை. முந்நூற்று நாற்பது பேர் வைத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் பார்ப்பது என் செயலியை.

நிறுவும் முறையைச் சொல்லும் தாளையும் திருத்தினேன். ஏழு படிகள் இருந்தன. ஏழாவது வீண். எடுத்துவிட்டேன். ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

14 ஜூலை, திங்கள்

தாளைக் கொண்டுபோய் சிக்னல் அருகே பச்சையப்பனின் செல்போன் கடையில் கொடுத்தேன். இந்தப் பழைய போன்களை வாங்கி விற்பவன் அவன். செயலியைப் போட்டுக் கொடுப்பவனும் அவனே. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். "சார் பண்ணி வெச்சிட்டுப் போனது, இன்னும் ஓடிகினுகீது பாருங்க" என்று அவர்களிடம் சொன்னான்.

மறைந்த என் கணவர் தசரதன் அந்தப் போன் செய்த ஆலையில் சோதனைப் பிரிவில் இருந்தார். போனைக் கீழே போட்டுப் பார்ப்பது அவர் வேலை. ஆலையை மூடியபோது கையேடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். ஒரு வரி நிரல் எழுதியதில்லை. எழுதியவள் நான், அரசு நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் எழுதியவள். இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். சரி மேடம் என்றான், சிரித்துக்கொண்டே.

பழைய தாளைக் கிழிக்கச் சொல்லிப் புதியதை ஒட்ட வைத்தேன். கோணலாக ஒட்டினான். மறுபடி ஒட்டச் சொன்னேன்.

22 ஜூலை, செவ்வாய்

மூன்று பேர் ஒரே நாளில் குறுஞ்செய்தி. ஷிப்ட் தப்பாகக் காட்டுகிறதாம். குழு எழுத்தைச் சரியாக அழுத்துங்கள் என்று மூவருக்கும் பதில் போட்டேன். ஒருவன், பக்கத்து லைன் ஆட்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், பரவாயில்லை மேடம் என்கிறான். பரவாயில்லையாமே! யாருக்குப் பெருந்தன்மை காட்டுகிறான்?

மூவரும் பச்சையப்பன் கடையில் போட்டவர்கள். அவன் கை சுத்தமில்லை.

23 ஜூலை, புதன்

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் நாச்சியார் ஊரிலிருந்து வந்துவிட்டாள். திருநெல்வேலிப் பக்கம். கோவில் கொடை, அப்பாவுக்குக் கண் அறுவை என்று பத்து நாள் லீவு. இறங்கியதும் கடைக்குப் போய்ப் புதிய பதிப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தாளாம். "நாளைக்கும் மக்காநாளும் ஓய்வு ஆச்சி, நல்லா ஒறங்கலாம்" என்றாள். நான் யாருக்கும் ஆச்சி இல்லை, மேடம் என்று கூப்பிடு என்று இதோடு எத்தனையாவது தடவை சொல்கிறேன்?

ஒரகடம் ஆலையில் இரண்டு வருடப் பயிற்சி அவளுக்கு இந்த மாதத்தோடு முடிகிறது. ஆகஸ்டில் பன்னிரண்டு பேரை நிரந்தரம் ஆக்குவார்கள். கடைசி ஆறு மாதத்தில் சொல்லாமல் ஒரு நாள் நின்றிருந்தாலும் பெயர் வராது. அவள் ஒரு நாளும் நின்றதில்லை. துணியைக் கைப்பிடிச் சுவரில் காயப்போடாதே என்றால் கேட்காத பெண். வேலைக்கு மட்டும் ஒழுங்கு.

24 ஜூலை, வியாழன்

காலை ஏழரைக்கு மாடியில் ஓட்டமும் அழுகையும். அவளுக்கு இன்று காலை ஷிப்ட். பஸ் ஐந்தேகாலுக்கே போய்விட்டது.

25 ஜூலை, வெள்ளி

இன்று போனவளை வாசலிலேயே நிறுத்தி, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக என் கதவைத் தட்டினாள். செயலி ஓய்வு என்று காட்டியது, அதை நம்பித்தான் தூங்கினேன் என்கிறாள். போனை நீட்டினாள். நான் கையில் வாங்கவில்லை.

"பாருங்க மேடம். ஒரு தடவ பாத்துட்டாவது ஏசுங்க."

எட்டு நாள் வட்டம் என்பது எட்டால் வகுத்து மீதியைப் பார்க்கும் கணக்கு. அதில் பிழை வர இடமே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு!

26 ஜூலை, சனி

ஆலையின் ஹெச்.ஆர். பிரிவிலிருந்து சுகப்பிரியா என்றொரு பெண் அழைத்தாள். நாச்சியார் சொல்வதுபோல் நடக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

துளியும் வாய்ப்பில்லை, அந்தப் பெண் தூங்கிவிட்டாள் என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகச் சொன்னேன். அவ்வளவு தெளிவாக யாரும் பதில் சொன்னதில்லை என்று நன்றி சொன்னாள்.

27 ஜூலை, ஞாயிறு

நாச்சியார் பக்கத்து அறைப் பெண்ணிடம் என்னைப் பற்றிப் பேசுவது சமையலறை வரை கேட்கிறது. கேட்கட்டும் என்றே பேசுகிறாள். "அது படிச்ச திமிருட்டி. எந்திரம் தப்பு பண்ணும், அது பண்ணாது."

ஆகஸ்ட் முடிவதற்குள் அறையைக் காலி செய்யும்படி எழுதி, கதவிடுக்கில் செருகிவிட்டேன்.

29 ஜூலை, செவ்வாய்

குறுஞ்செய்தி இதுவரை ஒன்பது ஆகிவிட்டது. ஒன்பதும் பச்சையப்பன் கடை. அவனை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்கலாம் என்று போனேன். தாளில் உள்ளபடி ஒரு போனில் போடு, நான் பார்க்கிறேன் என்றேன்.

போட்டான். இந்தச் செயலிகளுக்கான சான்றிதழ் 2018-லேயே காலாவதி. அதனால் போனில் வருடத்தை 2017 என்று பின்னால் தள்ளினால்தான் உள்ளே ஏற்கும். அவன் தள்ளினான். ஏற்றினான். ஆறாவது படியை முடித்தான். போனை என் கையில் கொடுத்தான்.

வருடத்தைத் திரும்ப மாற்றவில்லையே என்றேன்.

"எங்க எயிதிக்கீது மேடம்? படிங்க. பளய சீட்டுல ஏளாவதா இருந்துச்சு. நீங்கதான கீச்சிப்போடச் சொன்னீங்க?"

படித்தேன். என் கையெழுத்து. ஆறு படிகள்.

என் போன் தேதியைத் தானாக நெட்வொர்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் ஏழாவது வீண் என்று நினைத்தேன். அவன் விற்கும் போன்கள் எடுத்துக்கொள்வதில்லை. முகப்புத் திரையில் தேதியும் மாதமும் மட்டும்தான் வரும், வருடம் வராது. யார் கவனிப்பார்கள்?

பஸ்ஸுக்கு நிற்கும்போது மனக்கணக்காகப் போட்டேன். எட்டு வருடம், இரண்டு லீப் நாள்: 2922. எட்டால் வகுத்தால் மீதி இரண்டு. இரண்டு நாள் பின்னால் காட்டும். காலை ஷிப்டின் முதல் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் என்ன? ஓய்வு.

கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஒவ்வொரு போனிலும் சரியாகவே தப்பு.

நான் படித்த கான்வென்ட்டில் பிழையைச் சுரண்டி அழிக்க விடமாட்டார்கள். ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் பெயரின் முதலெழுத்தை இட வேண்டும்; கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு மூன்று பக்கங்களையும் திருப்பிக் கோடு போட்டேன். பச்சையப்பனைப் பற்றி எழுதிய ஒரு வரிக்கும். எழுத்தையும் இட்டேன்.

அதனால் யாருக்கு என்ன லாபம்? நோட்டில் கோடு போட்டா அவ வேலை வந்துடுமா?

30 ஜூலை, புதன்

நாச்சியார் படியில் எதிரே வந்தாள். வாயைத் திறந்தேன். தண்ணீர் மோட்டாரைப் போட்டது யார் என்று கேட்டேன்.

31 ஜூலை, வியாழன்

ஆட்டோ பிடித்து ஒரகடம் போனேன். வாசல் செக்யூரிட்டி என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கேமரா இல்லை என்று உள்ளே விட்டான். ஐம்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். சுகப்பிரியா நான் நினைத்ததைவிடச் சின்னவள்.

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். நான் தந்த தாள், எடுத்த படி, 2922, மீதி இரண்டு. முதலில் புரியவில்லை. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். புரிந்தபோது அவள் முகம் மாறியது. ஆனால் நாச்சியாரை நினைத்து இல்லை.

"அப்போ எங்க ஆலையில எத்தனை பேர் இதைப் பாத்து வேலைக்கு வர்றாங்க மேடம்?"

இருநூற்றுப் பதினைந்து பேர் என்றேன். பேனாவைக் கீழே வைத்தாள். வெளி ஆள் ஒருவரின் செயலியை நம்பி லைன் ஓடுகிறது என்று மேலே போனால் அந்தப் போன்களையே தடை செய்வார்கள் என்றாள். கெட்டவள் இல்லை. எனக்காக ஒரு வழியும் சொன்னாள்: நாச்சியாரின் ஒரு போனில் மட்டும் பழுது என்று எழுதித் தாருங்கள், அதை வைத்து முயற்சி செய்கிறேன், உங்கள் செயலியைப் பற்றி ஒன்றும் வராது.

ஆசையாக இருந்தது. மறைக்க மாட்டேன். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு போனில் பழுது என்றால் அந்தப் பழுதைக் காட்டு என்பார்கள். காட்ட முடியாது. மறுபடியும் அவள் பொய் சொன்னவள் ஆவாள். இரண்டு பக்கம் எழுதினேன். நாச்சியார் போனை நீட்டியபோது நான் பார்க்கவில்லை என்பதையும், விசாரித்தபோது தூங்கிவிட்டாள் என்று ஆதாரமில்லாமல் சொன்னேன் என்பதையும் எழுதினேன். ஒரு அடித்தல்கூட இல்லை. சுகப்பிரியா படித்துவிட்டு, இது ஃபைலில் போகும் மேடம் என்றாள். போகட்டும் என்றேன்.

திரும்பும்போது ஆட்டோக்காரன் மணிமங்கலம் வழியாகச் சுற்றினான். சண்டை போடக்கூடத் தோன்றவில்லை.

1 ஆகஸ்ட், வெள்ளி

காலி செய்யச் சொன்ன கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல மாடிக்குப் போனேன். ஆலையில் நான் எழுதிக் கொடுத்தது அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. நிலைப்படியைத் தாண்டி என்னை விடவில்லை.

"போயி சொன்னியளாமே. பொறவு? நான் கால்ல விழணுமா? நான் ஒறங்கிட்டேன்னு சொன்னதும் நீங்கதான மேடம்."

ஆமாம் என்றேன். கடிதத்தை நாலாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தாள்.

இறங்கி வந்ததும் ஒன்பது பேருக்கும் தனித்தனியாக எழுதினேன்: தவறு என்னுடையது. வருடத்தை 2025 ஆக்குங்கள். ஒருவன் மட்டும் பதில் போட்டான், கட்டைவிரல் படம்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஆலையில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தப் போனும் இனி உள்ளே இல்லை. ஷிப்ட் விவரம் வாசலில் கம்பெனித் திரையில் ஓடுமாம். மற்ற ஆலைகளும் இதே மாதிரி செய்யப் போகின்றனவாம்.

பச்சையப்பன் வீட்டுக்கே வந்துவிட்டான். வாங்கி வைத்த போன்களை என்ன செய்வது என்று கத்தினான். "ஒரு பொண்ணுக்கோசரம் மொத்தத்தையும் ஊத்தி மூடிட்டியே மேடம்! அந்தப் பொண்ணு ஒன்னாண்ட பேசுச்சா இன்னா?" முதல் முறையாக என்னை ஒருமையில் பேசினான். திருத்தவில்லை.

நிரந்தரம் ஆகும் பன்னிரண்டு பேரின் பட்டியல் வெள்ளிக்கிழமை வருமாம்.

9 ஆகஸ்ட், சனி

ஐந்துக்கே விழிப்பு. மாடியில் குழாய் திறக்கும் சத்தம், இரும்புப் பெட்டி சாத்தும் சத்தம். ஐந்து பத்துக்கு நாச்சியார் இறங்கினாள். புதுச் சீருடை. பயிற்சியாளர்களுக்குச் சாம்பல், இது நீலம். மடிப்பு இன்னும் கலையவில்லை.

வாசலில் நின்ற என்னைத் தாண்டிப் போனாள். கேட்டைச் சாத்தவில்லை.

பஸ் போன பிறகு நான் போய்ச் சாத்தினேன்.