ஜெயித்த பேட்ச்

புதன், இரவு.

தையல் லைனில் வேலை மந்தமாக இருக்கிறதென்று இரண்டு பேட்சுக்கும் போட்டி வைத்தது நான்தான். சூப்பர்வைசராக என் முதல் யோசனை.

காலையிலேயே முதல் பேட்ச் பெண்கள் மொத்தமாக வந்து நின்றார்கள். "அக்கா, ஸ்டெல்லா ரொம்ப ஸ்லோ. அவளை மாத்திடுங்க, நாங்க ஜெயிச்சுக் காட்டுறோம்."

எதற்குமே ஒன்றாகச் சேராதவர்கள். எனக்குப் பெருமைகூட வந்தது. நல்ல டெய்லரான ஸ்டெல்லாவை, ஹெல்பர்கள் நூல் வெட்டும் மேசைக்கு அனுப்பினேன். அவர்கள் ஜெயித்தார்கள். மேனேஜர் எனக்குக் கை கொடுத்தார்.

சாயங்காலம் பொம்மனஹள்ளி பஸ்ஸில் ஸ்டெல்லா வழக்கம்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"நாளைக்கும் அங்கேயே போகட்டுமா அக்கா?"

இல்லை, உன் மெஷினுக்கே வா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ம்" என்றேன்.