எக்ஸ்ரேயில் தெரியாத கிழிசல்

செவ்வாய்க்கிழமை, திருப்பதி

தங்கை எஸ்தரின் முழங்கால் ஸ்கேன் ரிப்போர்ட் இன்று வந்தது. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் லிகமென்ட் முழுதாக அறுந்திருக்கிறது. கான்ஸ்டபிள் வேலைக்கான ஓட்டத் தேர்வு இரண்டு வாரத்தில். அதில் இனி அவளால் ஓட முடியாது.

போன மாதம் பயிற்சியில் கால் திருகியபோது எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியவில்லை. "ஒண்ணும் ஆவல, வேஷம் போடாத, ஓடு" என்று விரட்டியவள் நான். நர்சிங் கல்லூரியில் இணைப்புத் திசு பாடம் நடத்துகிறவள். லிகமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது, அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, லேசில் ஆறாது என்று வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு அது மறந்துபோகவில்லை. அவளைச் சோம்பேறி என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஸ்கேன் சென்டரிலிருந்து ஆட்டோவில் வரும்போது கேட்டாள்: "உன் கிளாஸ் பொண்ணுங்க வலிக்குதுன்னாலும் இப்படித்தான் சொல்லுவியாக்கா?"

நான் ஸ்கேன் கவரைப் பைக்குள் திணித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தூரிலிருந்து நைனா போன் செய்தார். எஸ்தர் ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா வேணாம்னுதான் சொல்லிக்கினு இருந்துச்சு நைனா. நான்தான் கேக்காம ஓடிட்டேன்."

"படிச்சவ சொன்னா கேக்க வேணாமா?" என்று அவளைத் திட்டினார். பிறகு என்னிடம், "நீ சொன்னியாம்மா?" என்றார்.

"சொன்னேன் நைனா" என்றேன்.