வேலை அனுபவச் சான்று

ஃப்ரெஸ்னோ, கலிபோர்னியா
மே 9, 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்தன. இந்த வெயிலில் அவற்றை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

பொறியாளர் உரிமத்துக்கான முதல் தேர்வு அக்டோபரில் வருகிறது. நம் மாநிலத்தில் நாலு வருடப் பட்டம் இல்லாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். என்னிடம் இருப்பதோ இரண்டு வருடப் படிப்பு. கலிபோர்னியாவில் மூன்று வருட வேலை அனுபவம் இருந்தால் போதும். அந்த மூன்று வருடமும் உங்களிடம்தான், ஆழ்துளைக் கிணறுகளுக்குப் பம்ப் கணக்குப் போட்டும் குழாய் வரைபடம் வரைந்தும் கழிந்தது. ஆகவே முதலாளி என்ற முறையில் நீங்கள்தான் சான்று தரவேண்டும். படிவம் இத்துடன் இருக்கிறது. ஜூலை நடுவுக்குள் போய்ச் சேராவிட்டால் இந்த வருடம் எழுத முடியாது. மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ரோண்டா

சீடர் பெண்டு
ஜூன் 2, 1994

அன்பு மகள் ரோண்டாவுக்கு,

போனில் பேசினால் நான் மழையைத் தாண்டி எதுவும் பேசுவதில்லை என்று உன் அம்மா குறைப்படுவதால் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளுக்கு என் பள்ளிக்கூடம் பொறுப்பு. பத்தாவதோடு என்னை அனுப்பிவைத்து அவர்கள் நிம்மதியடைந்தார்கள்.

உன் படிவத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலைநகருக்கே போய்விட்டேன். உரிம வாரிய அலுவலகத்தில் திருமதி ஹல்வர்சன் என்று ஒரு அம்மாள்.

“என் பொண்ண ஏம்மா உள்ள விடமாட்டேங்கறீங்க?” என்றேன்.

“நாங்க எங்கங்க தடுத்தோம்? ரூல் அப்படி. கலிபோர்னியாக்காரங்க ஒத்துக்கிட்டா அவங்க ரூல்படி எழுதட்டுமே.”

“அதுக்குத்தான் அவ அங்கயே போய்க் குடியிருக்கா!”

“குடியிருக்கணும்னு யாரு சொன்னா? கேள்வித்தாள் நாடு பூரா ஒண்ணுதான். விண்ணப்பம் அங்க போட்டுட்டு, ஏற்பாடு பண்ணிக்கிட்டா இங்க நம்ம ஹால்லயே உக்காந்து எழுதலாம். போன தடவைகூட ரெண்டு பேர் எழுதினாங்க. நீங்களும் எழுதப் போறீங்களா?”

“எனக்குப் பேனா பிடிக்கவே தனியா ஒரு பரீட்சை வைக்கணும்மா” என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

பார்த்தாயா? விதியைத் தப்பாகப் படித்துவிட்டு அத்தனை தூரம் போய் வெந்துகொண்டிருக்கிறாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, என் ரத்தம். வழிமுறைத் தாளைப் படித்துப் படித்தே துணி துவைக்கும் இயந்திரத்தைத் தலைகீழாகப் பூட்டியவன் நான்.

உன் அறையைத் துடைத்தாயிற்று. வண்டிக் கதவில் ‘வெட்சல் மற்றும் மகள், ஆழ்துளைக் கிணறுகள்’ என்று எழுதவைத்துவிட்டேன். படிவம் சமையலறை மேசையில் இருக்கிறது; வந்து வாங்கிக்கொள்.

செய்தியைச் சொன்னபோது உன் அம்மா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவே இல்லை. “அவ சரியாத்தான் படிச்சிருப்பா. நீங்க அந்தப் படிவத்த அனுப்புற வழியப் பாருங்க” என்றாள். சந்தோஷப்படத் தெரியாத பெண்.

உன் அப்பாவும் முதலாளியுமான
ஆர்லன் வெட்சல்

ஃப்ரெஸ்னோ
ஜூன் 19, 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை சிரித்துக்கொண்டே படித்தேன். பதில் எழுதத்தான் இத்தனை நாளாயிற்று.

அம்மா சொன்னது சரி. கிளம்புவதற்கு முன்பே அதே அலுவலகத்துக்குப் போன் செய்து எல்லாம் கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னேன், உங்களிடம் சொல்லவேண்டாம் என்றேன். நான் இங்கே வந்தது தேர்வுக்காக இல்லை அப்பா. தேர்வு ஒரு நல்ல சாக்கு.

சோரன்சன் பண்ணை ஞாபகம் இருக்கிறதா? எந்தப் பம்ப் போடவேண்டும் என்று நான் சொன்னேன். அவர் உங்களைப் பார்த்து, “பாப்பா சொல்றது சரியா ஆர்லன்?” என்றார். “சம்பளம் குடுக்கறேனே, சரியாத்தான்யா இருக்கணும்” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எந்தப் பண்ணைக்குப் போனாலும் அதுதான் நடந்தது. இங்கே நீர்ப்பாசன அலுவலகத்தில் நான் தப்புச் செய்தால் என்னையே திட்டுகிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்டோபரில் வரமாட்டேன். அதற்குப் பிறகும் அங்கேயே இருக்க வருவேன் என்று தோன்றவில்லை. வண்டிக் கதவைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

நீங்கள் படிவத்தை அனுப்பாவிட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அனுப்புங்கள் அப்பா.

ரோண்டா

சீடர் பெண்டு
ஜூலை 5, 1994

அன்பு ரோண்டாவுக்கு,

படிவத்தை இன்று காலை பதிவுத் தபாலில் நானே சேர்த்தேன். ரசீது இத்துடன் இருக்கிறது. தபால் அலுவலகத்தில் நேற்றைய சுதந்திர தின வாணவேடிக்கையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார்கள். நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று கிணற்றடி வேலைக்குப் போகவில்லை. சோரன்சன் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்று நன்றாகப் பதில் சொன்னதாக நினைத்து இரண்டு நாள் பெருமைப்பட்டுக்கொண்டேன். வண்டிக் கதவு அப்படியே இருக்கட்டும். எனக்கு மகள் இருக்கிறாள் என்பதில் பொய்யில்லையே.

படிவத்தை நிரப்ப ஒரு மாலை முழுக்க ஆயிற்று. அம்மா எதிரே உட்கார்ந்து காவல் காத்தாள். வேலையின் தன்மை, பொறுப்புகள் எல்லாம் சுலபம். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். ‘வேலையை விட்ட காரணம்’ என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

“வெயில் பிடிக்கும்னு எழுதவா?”

“பொய்.”

“ரூல தப்பாப் படிச்சுட்டான்னு?”

“அது நீங்க.”

‘தனியாக நிற்க’ என்று எழுதினேன். அம்மா தலையாட்டினாள்.

அதற்குக் கீழே கடைசியாக ஒரு கேள்வி: ‘இவரை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டேன். பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. ‘ஆனால் அவள் வரமாட்டாள்’ என்று எழுதினேன். அம்மா படித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள்.

போட்டுவிட்டேன்.

நன்றாக எழுது.

அப்பா