உட்கார்ந்தே இருக்கும் ராணி

டிசம்பர் 4, 1962. செவ்வாய்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை சமூக மன்றத்தில் விடுமுறை நாடக முகாம் நடக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வேடம் தருவது என் பொறுப்பு. மும்தாஜ் இளம்பிள்ளை வாதத்தால் காலில் இரும்புப் பட்டை போட்டிருப்பாள். அதனால் கடைசிவரை உட்கார்ந்தே இருக்கும் ராணி வேடத்தை அவளுக்கென்றே எழுதினேன்.

"ராணி வேணாம், வள்ளி. திருடன் வேஷம் குடு."

"திருடன் ஓடணும்டி."

"பிடிபடப் போற திருடன்தானே லா! நான் ஓடினா சீக்கிரம் பிடிச்சிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். ஆசிரியர் முடிவு செய்துவிட்டார் என்று நான் பொய் சொன்னேன். அவள் ராணியின் காகிதக் கிரீடத்தை நாற்காலியில் வைத்துவிட்டு மெதுவாகப் படியிறங்கிப் போய்விட்டாள்.

 இப்போது வேடப் பட்டியலில் திருடனுக்கு எதிரே அவள் பெயரை எழுதிவிட்டேன். நாளை வராவிட்டால் போய்க் கூப்பிட வேண்டும். அவள் வீடு எங்கே என்றுகூட நான் கேட்டதில்லை.