தாரில் வைத்த கைநாட்டு

மேஸ்திரி,

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் உன் மகள் ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதைப் பிரித்ததுமே எனக்கு வாசனை வந்துவிட்டது, மண்ணெண்ணெயும் பழைய தாரும் கலந்த வாசனை. பத்து வருஷத்துக்கு மேலான காகிதத்தில் என்ன வாசனை இருக்கும் என்று என் மருமகள் கௌரி முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றாள். எனக்கு இருந்தது.

நான்காக மடித்த கோடு போட்ட தாள். மேலே உன் கையெழுத்தில் சில வரிகள், அடியில் என் பெருவிரல். மை வைத்த விரல் இல்லை, தார் வைத்த விரல். இன்னும் தடிப்பாக, தொட்டால் கைக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. சுற்றி எண்ணெய் ஊறிப் பழுப்பாக ஒரு வளையம். பார்த்ததும் எனக்கு அந்த நாள் முழுவதும் ஞாபகம் வந்தது. தாளில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் தெரியாது. அது எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை.

ஸ்டெல்லா வாசிக்க மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டாள். கௌரிதான் வாசித்தாள்.

"முனிசாமி ஆகிய நான், மேஸ்திரி சொல்லியும் கேளாமல், அவர் இல்லாத நேரத்தில் ஹால் தரையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கெடுத்துவிட்டேன். இது முழுக்க என் தப்பு. ஃபாதர் என்னை மன்னிக்க வேண்டும்."

இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். மாறவில்லை.

உன் சவப்பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் தூக்கியவன் நான். குழிக்கரையில் ஊர் பார்க்க வாய்விட்டு அழுதேன். அந்த அழுகையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் இன்றைக்கே வாங்கிக்கொள்வேன். வழி இல்லாததால் இதைச் சொல்கிறேன், கௌரி எழுதுகிறாள்.

நீ கெட்டிக்காரன். அதை இந்தக் கோபத்திலும் மறுக்க மாட்டேன். பீன்யாவில் அந்தத் தொழிற்சாலை ஆபீஸ் அறையில் நாம் முதல் முதலாகத் தார் எடுக்கப் போனது நினைவிருக்கிறதா? தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஓடுகளை எல்லாம் பெயர்த்துவிட்டோம். அடியில் அதை ஒட்ட வைத்த தார் போகவில்லை. தீ ஊதுகிற விளக்கு வைத்து உருக்கினோம். அது இளகி, இழுபட்டு, நம் கையிலும் காலிலும் ஏறிக்கொண்டதே தவிர தரையை விடவில்லை. மத்தியானம் கான்டீன்காரன் மோருக்குக் கொண்டுவந்த ஐஸ் பாளத்தைத் தரையில் வைத்துவிட்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். அவன் எடுத்த இடத்தில் தார் கண்ணாடி மாதிரிக் கீறல் விட்டிருந்தது. எல்லோர் கண்ணுக்கு முன்னாலும்தான் இருந்தது, பார்த்தவன் நீ ஒருவன். சுரண்டியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாய். கடலை மிட்டாய் உடைகிற மாதிரி உடைந்து வந்தது.

"சூடு காட்டினா தார் உன்னைப் புடிச்சுக்கும், முனி. குளுரு காட்டினா தரையை விட்டுடும்," என்றாய். அன்றிலிருந்து அதுதான் நம் வேலை. ஐஸ் பாளத்தைத் தார் மேலேயே வைத்து, உருகாமல் இருக்க மேலே மரத்தூளும் கோணியும் போட்டு மூடி, ஒரு பீடி குடிக்கிற நேரம் விட்டு, நகர்த்தித் தட்டுவது. கடைசியாக மிஞ்சுகிற மெல்லிய கறுப்பை மட்டும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பது. துணியில்தான் தொட வேண்டும், தரையில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் தார் கரைந்து தரைக்குள் போய்விடும், பிறகு எந்த உளிக்கும் எட்டாது. இதை எனக்குச் சொன்னதும் நீதான். உனக்குத் தெரியாமல் செய்யவில்லை, மேஸ்திரி. அதுதான் என்னை எரிக்கிறது.

லிங்கராஜபுரத்து மாதா கோயில் ஹால் வேலை உன் மூலமாகத்தான் வந்தது. நீ அந்தக் கோயில் ஆள். யாரோ ஒரு காலத்தில் ஹாலின் சிவப்புத் தரை மேல் பிளாஸ்டிக் ஓடு ஒட்டியிருந்தார்கள். ஓரமெல்லாம் சுருண்டு பிள்ளைகள் தடுக்கி விழுந்ததால், பழைய தரையையே வெளியே எடுத்துக் கொடுங்கள் என்று ஃபாதர் கேட்டார். ஈஸ்டருக்குள் முடிக்க வேண்டும். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அதே ஹாலில் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் நாள் நகர்த்த முடியாது என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வாய்.

தவக்காலம்தான் நம்மைக் கவிழ்த்தது. கறி சாப்பிடாத நாட்களில் கோயிலைச் சுற்றியிருக்கிற வீடெல்லாம் மீனுக்குப் போகும், மீன்காரர்கள் ஐஸுக்குப் போவார்கள், நமக்கு மிஞ்சாது. அது உனக்கும் எனக்கும் முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். நான் சாமி கும்பிடுகிற கோயில் வேறு, எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் கறி விட்டவன் நீ, உனக்குத் தோன்றியிருக்கலாம்.

மேடைக்குக் கீழே ஒரு பாய் அளவு இடம்தான் பாக்கி. விடிந்ததும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவாஜிநகர் போனேன். ஐஸ் கொடுக்கிற இடத்தில் மீன் கூடைகளுக்குப் பின்னால் நின்றேன். மீன் வாங்க வராத ஒரே ஆள் நான் என்று பெண்கள் கேலி செய்தார்கள். எதற்கு ஐஸ் என்று ஒருத்தி கேட்டாள், தரைக்கு என்றேன். "தரைக்கு இன்னா ஜுரமா?" என்றாள். கெஞ்சி அரைப் பாளம் வாங்கி, கேரியரில் கட்டி, முதுகு நனைய மிதித்து வந்து சேர்ந்தால், மேடைக்குக் கீழே கோணிகள் விரித்திருந்தன. கோணியெல்லாம் மண்ணெண்ணெய். நீ அதன் மேல் முட்டி போட்டு அழுத்திக்கொண்டிருந்தாய்.

"ஊத்திட்டேன்," என்றாய். "ஊறட்டும். சாயந்திரம் வழிச்சா வந்துடும்."

நான் சத்தம் போட்டேன். ஐஸ் கேரியரிலேயே உருகி வாசல்படி நனைந்தது. நீ கோணியை அழுத்துவதை நிறுத்தவில்லை. மறுநாள் கோணியை எடுத்தபோது தார் வந்திருந்தது. வந்த தார் சிவப்புத் தரையின் ஒவ்வொரு மயிர்க்கீறலுக்குள்ளும் போயிருந்தது. பாய் அளவு இடம் முழுவதும் கறுப்பு, விளிம்பில் வேர் விட்ட மாதிரி. இரண்டு பேரும் சோப்பும் மணலும் போட்டுத் தேய்த்தோம். போகவில்லை. ஃபாதரிடம் உடனே சொல்லிவிடலாம் என்றேன்.

"நான் சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே," என்றாய்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தத் தாளோடு வந்தாய். வேலை முடிந்தது என்று எழுதியிருக்கிறது, ஃபாதருக்குக் காட்ட வேண்டும், விரல் வை என்றாய். மைப்பெட்டி எங்கே என்று கேட்டேன். "மை எதுக்குடா, உன் வெரல்ல ஒரு ரோட்டுக்கு ஆகுற தார் இருக்கே," என்றாய். நான் சிரித்தேன், மேஸ்திரி. சிரித்துக்கொண்டேதான் அழுத்தினேன். நீ தாளை ஊதிக் காய வைத்தாய்.

உன் மகள் கல்யாணத்துக்கு நானும் என் பெண்டாட்டி பச்சையம்மாவும் புதுத்துணி கட்டிக்கொண்டு வந்தோம். ஹால் வாசலில் ஃபாதர் நின்றிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், "முனிசாமி, நல்லா சாப்பிட்டுட்டுப் போ. ஆனா இனிமே கோயில் வேலைக்கு வராதப்பா," என்றார். காரணம் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரியும் என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். எங்கள் தெருப் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிற ஆட்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கி போட்டாலும் இவரும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். பச்சையம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் உன்னிடம் கேட்டேன், ஃபாதர் ஏன் அப்படிச் சொன்னார் என்று. நீ இன்னா சொன்னே? "பெரிய எடத்து ஆளுங்க புத்தி அப்டித்தான், முனி. விடு." அப்படிச் சொன்னாய். ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு எழுத்து தேவையில்லை. அந்த வார்த்தையை எந்த இடத்தில் நின்று சொன்னாய், எந்தக் கையில் பீடி இருந்தது என்பதுவரை சொல்வேன்.

அதற்குப் பிறகு கோயில் வீடுகளிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நீ வைட்ஃபீல்டில் புது ஆபீஸ்களுக்கு மெஷின் வைத்துத் தரை தேய்க்கிற கான்ட்ராக்ட் எடுத்தாய். நான் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அதைக்கூட விட்டுவிடுவேன்.

பச்சையம்மாவை விட மாட்டேன்.

அவள் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தக் கோயிலில் குகை மாதிரிக் கட்டியிருக்கிற மாதா கெபிக்குப் போவாள். பையனுக்கு விஷக்காய்ச்சல் வந்து தேறியதிலிருந்து போய்க்கொண்டிருந்தாள். ஒரு மெழுகுவத்தி, ஒரு முழம் பூ. எங்கள் வீட்டு மாரியம்மனுக்கும் அதே பூவில் பாதி. கல்யாணத்திலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு, இனிமேல் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொன்னேன். அவள் போவதை நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை வந்தால் வாங்கி வைத்த மெழுகுவத்தியை எடுத்துப் பார்த்துவிட்டு மாடத்தில் வைப்பாள். ஏழு வருஷம் வைத்தாள். கடைசியில் படுக்கையில் இருந்தபோது, ஒரு தடவை போய்ட்டு வரட்டுமா என்று கேட்டாள். நான் முடியாது என்றேன். நீ அப்போது என் பக்கத்தில் நின்றாய். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாய். நான் முடியாது என்று சொன்னதைக் காதால் கேட்டாய். அந்த இடத்திலாவது உன் வாய் திறந்திருக்க வேண்டாமா? ஒரு வார்த்தை போதும். "ஃபாதர் மேல தப்பில்ல, முனி." நான் உன்னை இரண்டு அறை விட்டிருப்பேன், அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். நீ பழத்தை உரித்துக்கொண்டிருந்தாய்.

ஸ்டெல்லா இதெல்லாம் தெரியாமல் வந்தவள். ஆனால் அந்தத் தாள் பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "அந்த வாரம் அப்பா முட்டி ரெண்டும் கொப்புளம், மாமா. நான்தான் தேங்காயெண்ணெய் போட்டேன். மண்ணெண்ணெய் ஊத்தினது நீங்கன்னா, வெந்தது ஏன் அவர் முட்டி?" என்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் நீ ஒவ்வொரு ஸ்தலத்திலும் முகம் சுளித்து முட்டி போட்டதைப் பார்த்து, என்ன பக்தி என்று ஊரே பேசியதாம். நீயே என்னிடம் பெருமையாகச் சொன்னாய்.

அவள் தன் அம்மாவிடம் கேட்டாளாம். ஃபாதர் அந்தத் தாளை வாசித்துவிட்டு உன்னிடமே திருப்பிக் கொடுத்தாராம். பாவம், ஏழை மனுஷன், இதைக் கிழித்துப் போடு, இங்கே மட்டும் கூட்டி வராதே என்றாராம். அந்த மனிதரை நான் பத்து வருஷத்துக்கு மேல் திட்டியிருக்கிறேன். மாற்றலாகி எந்த ஊருக்கோ போய்விட்டார், இருக்கிறாரோ இல்லையோ தெரியாது.

நீ ஏன் கிழிக்கவில்லை? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கிழிக்க ஒரு நிமிஷம். உன் துணிப்பெட்டியின் அடியில், கல்யாணப் பத்திரத்தோடு வைத்திருந்தாயாம். என்றைக்காவது என்னிடம் காட்டலாம் என்று வைத்தாயா? மனசாட்சி என்று யாராவது சொல்லலாம். என்னிடம் சொல்ல வேண்டாம். பெட்டிக்குள் வைக்கிற மனசாட்சியால் பச்சையம்மாவுக்கு என்ன ஆயிற்று?

ஹாலில் அடுத்த மாதம் பளபளக்கிற புது டைல் போடப் போகிறார்களாம், பழைய தரை மேலேயே. கறை அடியில் போய்விடும். அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்டெல்லா என்னை அழைத்துப் போனாள். புது ஃபாதர் சின்ன வயசுக்காரர். மேடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். என் செருப்புக்கு அடியில் அந்தக் கறுப்பு, அப்படியே, வேர் விட்டபடி. எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரை மன்னிச்சிடுங்க பெரியவரே என்றார்.

"அவன் கேக்கலயே, ஃபாதர்," என்றேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன். பன்னெண்டு வருஷம் பக்கத்துலயே இருந்தான்."

அவர் மறுபடியும் மன்னிக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. அது எனக்குப் பிடித்தது. பழைய ஃபாதர் எங்கே இருந்தாலும் விசாரித்து எழுதுவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் கெபிக்குப் போனேன். பச்சையம்மா மாடத்தில் விட்டுப் போன மெழுகுவத்தியைச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன். வெயிலில் கொஞ்சம் வளைந்திருந்தது, ஏற்றினேன். ஸ்டெல்லா இன்னொன்றை நீட்டினாள், அப்பாவுக்கு என்று. நீயே ஏத்தும்மா என்றேன். அவள் உன் மகள், அவள் ஏற்றலாம்.

ஐஸ் தட்டுகிற வேலைக்கு நீ கொடுத்த சுரண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கைப்பிடி தேய்ந்துவிட்டது, விளிம்பு தேயவில்லை. பெருவிரல் ரேகையிலும் ஒரு கறுப்புக் கோடு நிற்கிறது. எத்தனையோ தடவை தேய்த்துப் பார்த்திருக்கிறேன். தொழில் கொடுத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கௌரி எழுதி முடித்துவிட்டாள். இந்தக் காகிதத்தை ஸ்டெல்லாவிடம் கொடுத்து, உன் பெட்டியில் அந்தத் தாளோடு சேர்த்து வைக்கச் சொல்லப் போகிறேன். கையெழுத்து இடத்தில் விரல் வைங்க மாமா என்று கௌரி மைப்பெட்டியைத் திறந்து நீட்டுகிறாள். முதலில் படி என்றேன். படித்தாள். மறுபடியும் படி என்றேன். மூன்றாவது தடவை, ஒவ்வொரு வரியாக, விரலை அந்தந்த வரியில் வைத்துக் காட்டிப் படிக்கச் சொன்னேன்.

படித்துவிட்டாள். எல்லாம் நான் சொன்னதுதான் இருக்கிறது. இப்போது வைக்கிறேன்.