மெயின்லேண்ட் வர்றோம்

பாம்பூஃப்ளாட்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

சௌமியா வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஒன்பது நாளாக உங்கள் போன் கிடைக்கவே இல்லை. பட்டாள முகவரிக்கு எழுதினால் நீங்கள் எங்கே இருந்தாலும் வந்துசேரும் என்று சொல்லியிருக்கிறீர்களே, அதை நம்பி எழுதுகிறேன்.

கடைசியாக நீங்கள் அனுப்பிய குரல் செய்தி நான்கு நொடிதான். "மெயின்லேண்ட் வர்றோம்" என்றீர்கள். பிறகு லாரிச் சத்தம். அம்மாவுக்கு அதுவே போதும். ஆப்பிரிக்காவில் அமைதிப் படையின் நீலத் தொப்பி போட்டது முடிந்தது, அவர் லீவில் வருகிறார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். உங்கள் கோடுபோட்ட சட்டையை இரண்டு முறை துவைத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு புஷ்பா அத்தை, "அரே ஜெயராணி, புருஷன் இன்னும் ஜஹாஜே ஏறல, நீ சூரை மீனுக்கு மசாலா அரைக்கிறியே" என்று கேலி செய்தார். கப்பல் வரும்போது வரட்டும் என்று அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு என்றால் நீங்கள் "வர்றேன்" என்றுதான் சொல்வீர்கள். "வர்றோம்" என்றால் முழுப் பட்டாளமும் அல்லவா? நம் வீடு இந்தத் தீவில்தான், கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் நமக்கு வீடும் இல்லை. பள்ளி நூலகத்தில் செய்தித்தாளைத் தேடிப் படித்தேன். வெளிநாட்டில் இருக்கும் சில படைப்பிரிவுகளை உள்நாட்டுப் பாதுகாப்புக்காகத் திருப்பி அழைக்கிறார்களாம். எந்த ஊருக்கு என்று போடவில்லை. லீவு என்ற சொல்லும் இல்லை. மூன்று முறை படித்தேன்.

வியாழக்கிழமை பட்டாள ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. நெருங்கிய உறவினர் பெயர், எந்நேரமும் எடுக்கும் போன் எண், வீட்டுக்கு வரும் வழி. உடனே அனுப்ப வேண்டுமாம். அம்மாவுக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. என்ன காகிதம் என்று கேட்டார். வருஷா வருஷம் கேட்பதுதான் என்று பொய் சொல்லி நானே நிரப்பினேன். சாத்தம் படகுத்துறையில் ஃபெர்ரி ஏறி, பாம்பூஃப்ளாட்டில் இறங்கியதும் இடது பக்கம் நாலாவது வீடு என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. உங்களுக்குத்தான் வழி தெரியுமே அப்பா. பிறகு யாருக்காகக் கேட்கிறார்கள்?

அன்றிலிருந்து ஃபெர்ரியில் யூனிஃபார்ம் போட்டவர் யார் ஏறினாலும், இறங்கி எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்கிறேன். நேற்று ஒருவர் இடது பக்கம் திரும்பினார். தேங்காய்க் கடைக்குத்தான் போனார். அதைப் பார்த்த பிறகுதான் நான் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

இது லீவு இல்லை என்று அம்மாவிடம் நான் சொல்லிவிடவா, நீங்களே சொல்கிறீர்களா? சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பாடுகிறார்.

மாரியம்மன் உங்கள் பட்டாளம் முழுவதையும் காக்கட்டும். எந்த ஊர் என்று சொல்லக் கூடாதென்றால் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு சொல் மட்டும் அனுப்புங்கள் அப்பா.

வர்றேன் என்று.

உங்கள் வழியையே பார்த்திருக்கும் மகள்,
சௌமியா